முதல் டேக்

ஜனவரி 6, செவ்வாய்

பேசக் கூடாது. முனகக் கூடாது. கிசுகிசுக்கவே கூடாது, அது பேசுவதைவிட மோசமாம். இரண்டு வாரத்துக்கு இப்படி. காது மூக்கு தொண்டை டாக்டர் இதைச் சொன்னபோது இவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்து போனது. நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார். மாநகரப் பேருந்தில் கண்டக்டர். இந்த டைரி அவர் யூனியனில் கொடுத்தது. வருஷாவருஷம் வரும், நேராகப் பரணுக்குப் போகும். இந்த வருஷம் நான் எடுத்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் எனக்குத் தலை வெடித்துவிடும். கையாவது பேசட்டும்.

என் பிழைப்பே பேச்சுதான். டப்பிங். இரவு ஏழு மணி சீரியலில் மேகலா வாயைத் திறந்தால் வருவது என் குரல். அந்த நடிகைப் பெண்ணுக்குத் தமிழில் ஒரு வார்த்தை வராது. செட்டில் தன் பாஷையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே கண்ணீர் விடும். அந்த எண்களுக்குள் வசனத்தைத் திணித்து, கேட்பவர் நெஞ்சைக் கரைப்பது என் பாடு. ஆறு வருஷமாகக் கரைத்துக்கொண்டிருக்கிறேன்.

தொண்டையில் குரல்நாண் மேல் கடுகளவு சதை வளர்ந்துவிட்டது. வெட்டி எடுத்தாயிற்று. பழைய குரல் வருமா என்று ஆபரேஷனுக்கு முன்னால் கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார் டாக்டர். அந்தப் பார்க்கலாமை நெஞ்சில் சுமந்துகொண்டுதான் மயக்க ஊசி போட்டுக்கொண்டேன்.

அதுவரை ஜெசிந்தா என்கிற சின்னப் பெண் மேகலாவுக்குப் பேசுகிறாள். தற்காலிகமாகத்தான். டப்பிங் இன்சார்ஜ் சகாயம் சார் 'தற்காலிகமா' என்பதை இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்.

ஜனவரி 8, வியாழன்

கூப்பிடுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று இவர் தன் விசிலைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரெஹானா போனில் இதைக் கேள்விப்பட்டு, ஊதவே கூடாது என்று கத்திவிட்டாள். அதனால் மாலையில் பழைய சைக்கிளிலிருந்து மணியைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டுக் கொண்டுவந்தார். சட்டமும் அவரே சொன்னார். ஒரு மணி அடித்தால் நிறுத்து. இரண்டு மணி அடித்தால் ரைட், போகலாம். வேறு எதுவும் ஒரு குடும்பத்துக்குத் தேவையில்லையாம்.

இரவுச் சாப்பாட்டில் என் தட்டில் தயிர் ஊற்றிக்கொண்டே போனார். ஒரு மணி அடித்தேன். கை அப்படியே நின்றது. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒன்று இவ்வளவு சீக்கிரம் நடந்ததில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால், ஏழு மணிக்கு அத்தை டிவி போட்டார். என் மாமியார் திருநெல்வேலியிலிருந்து வந்து பல வருஷமாகியும் ஒரு சொல்கூட மாறாதவர். மேகலா வந்தாள், வாயைத் திறந்தாள், ஜெசிந்தாவின் குரல் வந்தது. அத்தை ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை மொத்தமாக அணைத்துவிட்டு, விளம்பரம் வரும்வரை படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏன் என்று கையால் கேட்டேன். "எனக்குக் காது வலிக்கி" என்றார்.

ஜனவரி 11, ஞாயிறு

பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. மேல்வீட்டு சுலோச்சனா வந்து, வாயைக் குகை மாதிரி திறந்து, "சாப்... பிட்... டீங்... களா" என்று சோற்றைப் பிசைவது போல நடித்துக் காட்டினார். கீரைக்காரர் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி அத்தையிடம், பிறவியிலேயேவா என்று கேட்டு, கொத்தமல்லி இனாமாகப் போட்டார். அத்தை மறுக்கவில்லை. கொத்தமல்லிக்காக மருமகளை ஊமையாக்கிவிட்டார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பானை பொங்கும்போது என் வாய் தானாகத் திறந்துவிட்டது. இவர் பாய்ந்து வந்து உள்ளங்கையால் பொத்தினார், கை முழுக்க மஞ்சள் வாசனை. அத்தை "பொங்கலோ பொங்கல்" என்று கூவிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு முறையும் கூவினார்.

"இது கனிக்கு" என்றார், என்னைக் காட்டி.

அடுப்புப் புகை கண்ணில் பட்டுவிட்டது.

ஜனவரி 20, செவ்வாய்

இன்று முதல் சத்தம். ரெஹானா எதிரில் உட்கார்ந்து, கொட்டாவி விடுகிற மாதிரி 'ஆ' சொல்லுங்கக்கா என்றாள். முதலில் காற்று வந்தது. பிறகு தண்ணீர் வராத அடிபம்பை அடித்தால் வருமே, அந்தச் சத்தம் வந்தது. ரெஹானா கைதட்டினாள். இதுவா, இந்தத் தொண்டையா மேகலாவுக்குப் பேசியது?

வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறாள். ஏரிக்கரையில் ஒரு கொக்கு நிற்பதைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை. தினமும் காலையில் எழுந்ததும் ஒரு நிமிஷம் போனில் அதை வாசித்துப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். எப்படி வருகிறதோ அப்படியே அனுப்பினால் போதுமாம். அதைக் கேட்டுத்தான் குரல் எப்படித் தேறுகிறது என்று கணக்குப் பார்ப்பாளாம். அதற்கு மேல் அரைமணி நேரம் பேசலாம், மற்றபடி மௌனம்.

ஜனவரி 21, புதன்

பதிவுசெய்து அனுப்பினேன். நன்றாகவே வந்தது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, தேய்த்துக் கழுவ வேண்டியதாயிற்று.

ஜனவரி 24, சனி

இன்றும் அனுப்பினேன். நேற்றைவிட நன்றாக இருக்கிறது என்று ரெஹானா பதில் போட்டிருந்தாள். இவர் காலை ஷிப்டுக்கு டிபன் இல்லாமல் போய்விட்டார். டிப்போ கேன்டீனில் பொங்கல் நன்றாக இருக்கும் என்று அவரே சொன்னார்.

ஜனவரி 28, புதன்

அத்தை இன்று வாசலில் நின்று, "ஏட்டி, அந்தக் கொக்குக் கதய இன்னும் எத்தன மட்டம் வாசிப்ப? எனக்கே மனப்பாடம் ஆயிட்டு. கொக்குக்கே கால் வலிக்கும்" என்றார். அத்தைக்குத் தொழில் தெரியாது. சிரித்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ரெஹானா என் பதிவுகளை வரிசையாகக் கேட்டாளாம். இவ்வளவு சீக்கிரம் தேறிய ஆளை நான் பார்த்ததே இல்லை என்கிறாள். கேட்கவே இனிப்பாக இருந்தது.

ஜனவரி 30, வெள்ளி

ஜெசிந்தாவிடமிருந்து செய்தி. மேகலா விசும்பும்போது தொண்டைக்குள் ஒரு சின்னத் தடுக்கல் வருமே, அதை எப்படிச் செய்வது, சொல்லித் தாங்கக்கா என்று கேட்டிருக்கிறாள். பதில் போட நினைத்தேன், சார்ஜ் இல்லை. அப்புறம் துணி மடிக்கிற வேலை வந்துவிட்டது. தலைக்கு மேல் வேலை.

பிப்ரவரி 5, வியாழன்

திங்கட்கிழமை டப்பிங்! பதிவுகளைக் கேட்டதில் குரல் நன்றாக நிலைத்துவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாக வேலையைத் தொடங்கலாம் என்று ரெஹானா சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் கேமரா விட்டுத் தொண்டையைப் பார்த்தால் போதுமாம். சகாயம் சாருக்குப் போன் போட்டேன். "மேகலா திரும்பி வந்தாச்சு" என்றார். அத்தை சத்தத்தோடு டிவி பார்த்துப் பல நாளாயிற்று, பாவம். திங்கள் பேசினால் வியாழன் ஒளிபரப்பில் வரும்.

பிப்ரவரி 9, திங்கள்

போனேன். வந்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ரசம் வைத்தேன். புளி அதிகம்.

பிப்ரவரி 12, வியாழன்

எழுதிவிட்டால் தூக்கம் வரும் என்று அத்தை சொல்கிறார். எழுதுகிறேன்.

மைக் முன்னால் நின்றேன். திரையில் மேகலா புருஷன் வீட்டு வாசலில் நிற்கிறாள். "உங்கள நம்பித்தானே நான் வந்தேன்" என்பது வசனம். 'உங்கள' நன்றாக வந்தது. 'நம்பித்தானே'யில் குரல் இரண்டாகக் கிழிந்தது, நானும் வேறு யாரோ ஒருத்தியும் சேர்ந்து பேசுகிற மாதிரி. சகாயம் சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "ஒன் மோர் கனி" என்றார். மறுபடி கிழிந்தது. ஒன் மோர். மறுபடி. பதமாகச் சொன்னார், பொறுமையாகச் சொன்னார். கடைசியில் காற்று மட்டும் வந்தது. அப்போது அவர் ஒன் மோர் சொல்லவில்லை. ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை. இந்தத் தொழிலுக்கு வந்து இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் ஒன் மோர் சொல்லாமல் விட்டதில்லை.

வெளியே சோபாவில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று அவளையும் வரச்சொல்லியிருக்கிறார்கள். நியாயம்தான். பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். பார்க்காமல் போனதற்கு அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஆஸ்பத்திரி. தொண்டைக்குள் கேமரா விட்டார்கள். வீங்கிக் கிடக்கிறது. ரெஹானா படத்தைப் பார்க்கிறாள், தன் போனில் என் பதிவுகளைப் பார்க்கிறாள், மறுபடி படத்தைப் பார்க்கிறாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் பதிவு பண்ணச் சொன்னேன்ல. எத்தன டேக் எடுத்தீங்க?"

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. நல்ல டேக் வரும்வரை எடுத்தேன் என்று பேப்பரில் எழுதிக் காட்டினேன். பிசிறு தட்டியதையெல்லாம் அழித்துவிட்டேன் என்றும் எழுதினேன், கொஞ்சம் பெருமையாகவே. காலை முழுக்க ஆகும், சில நாள் மத்தியானம்கூட ஆகும். பிசிறு தட்டின டேக்கை யாராவது அனுப்புவார்களா?

அவள் பேப்பரைப் படித்துவிட்டு நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். கோபம் வரும் என்று பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது. தேறாத தொண்டையைக் காலை முழுக்க வேலை வாங்கி, அதில் கிடைத்த ஒரே ஒரு நல்ல நிமிஷத்தை நான் அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். அதை நம்பி அவள் என்னை மைக் முன்னால் அனுப்பியிருக்கிறாள்.

"நான் முன்னாடியே கேமரா விட்டுப் பார்த்திருக்கணும், அது என் தப்பு. ஆனா அக்கா, நீங்க அழிச்சீங்கல்ல, அதுதான் எனக்கு வேணும். அதுலதான் உங்க தொண்டை இருக்கு."

டாக்டர் தனியாக இவரைக் கூப்பிட்டுப் பேசினார். வீட்டுக்கு இவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ஆழ்வார்திருநகர் சிக்னலில்தான், மேல்ஸ்தாயி இனிமேல் வருவது கஷ்டமாம் என்றார். இருபது வயதுப் பெண்ணுக்குப் பேசுகிற குரல் வராது. பேசலாம், வாழலாம், அந்தக் குரல்தான் வராது. சிக்னல் பச்சையான பிறகும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். நான் அவர் தோளில் இரண்டு தடவை தட்டினேன். எடுத்தார்.

பிப்ரவரி 21, சனி

ஒரு வார மௌனம் முடிந்தது. புதுப் பாடம். கொக்கு வேண்டாம். அன்றன்று வீட்டில் நடந்த எதையாவது ஒரு நிமிஷம் சொல்ல வேண்டும். ஒரே டேக். போனில் சிவப்புப் பொத்தானை ஒருமுறைதான் தொடலாம். என்ன வந்தாலும் அனுப்பிவிட வேண்டும்.

காலையில் தொட்டேன். ஒரு வார்த்தை வரவில்லை. மூச்சு விட்டேன், குக்கர் விசில் அடித்தது, அத்தை யாரையோ திட்டினார், ஒரு நிமிஷம் முடிந்தது. அழிக்கக் கை பரபரத்தது. அனுப்பிவிட்டு போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். மத்தியானம் எடுத்துப் பார்த்தால், "நல்லா இருக்கு, நாளைக்கும் அனுப்புங்க" என்று பதில்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஏன் வரவில்லை என்று பாத்திரம் கழுவும்போது புரிந்தது. எனக்கு முன்னால் ஒரு முகம் இல்லை. இத்தனை வருஷமும் இன்னொருத்தி உதட்டைப் பார்த்துத்தான் வாயைத் திறந்திருக்கிறேன், அவள் மூடும் இடத்தில் மூடியிருக்கிறேன். அம்மா இறந்தபோது நான் அழுததைக் கேட்டு, சித்தி ஒருத்தி "டிவில அழுவுத மாதிரியே இருக்கு" என்று பக்கத்தில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எனக்கே எனக்கென்று ஒரு அழுகை இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் பயமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 25, புதன்

இன்று கீரைக்காரர் கதையைச் சொன்னேன். பிறவி ஊமை என்று நினைத்திருந்தவரிடம், "அரைக்கீரை ரெண்டு கட்டு" என்று இந்த அடிபம்புக் குரலில் நான் கேட்டதும், மனுஷன் இரண்டடி பின்வாங்கி, சாமியைக் கும்பிடுகிற மாதிரி கும்பிட்டு, மூன்று கட்டு கொடுத்துவிட்டு ஓடினார். அத்தை கொத்தமல்லியை மறக்காமல் கேட்டு வாங்கினார். சொல்லும்போது 'கும்பிட்டு' என்கிற இடத்தில் குரல் உடைந்து கீச்சென்றது. அதுதான் சிரிப்பே! வேண்டுமென்று செய்தாலும் அப்படி அமையாது. அனுப்பிய பிறகு நானே இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். என் குரலை நான் ஆசையாகக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

மார்ச் 3, செவ்வாய்

குரல் எந்த இடத்தில் உடையும் என்று இப்போது ஓரளவு தெரிகிறது. வாக்கியத்தின் நடுவில், கொஞ்சம் மேலே ஏறுகிற இடத்தில். வெங்காயம் நறுக்கும்போதே, அந்த இடத்தில் எந்த வார்த்தையை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். சாதாரண வார்த்தையை வைத்தால் வீணாகிவிடுகிறது. நேற்று அந்த இடத்தில் இவர் பெயரை வைத்துப் பார்த்தேன். உடைந்தது. நான் சொன்னது அவர் சட்டைப் பொத்தான் தைத்த கதை, வேறு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பதிவை மட்டும் இவர் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

மார்ச் 6, வெள்ளி

ஸ்டூடியோவில் நடந்ததைச் சொன்னேன். ஒன் மோர், ஒன் மோர், அப்புறம் ஒன்றுமில்லாத அந்த ஹெட்போன். ஒரு நிமிஷம் போதவில்லை, மூன்று நிமிஷம் ஆகிவிட்டது. ஒரே டேக்.

ரெஹானா போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்கு ஒருவர் வருகிறாராம், தேசிங்கு என்று பெயர். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். தொண்டை ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதமாயிற்று, சத்தம் வர வேண்டும், ஆனால் மனுஷன் வாயைத் திறக்க மறுக்கிறார். பெண்டாட்டியிடம்கூடச் சைகைதான். என் பதிவுகளை அவருக்குப் போட்டுக் காட்டலாமா என்று கேட்டாள்.

ரெஹானா கேட்பது வேறு, முன்பின் தெரியாத ஓர் ஆள் கேட்பது வேறு. கடற்கரையில் நின்று ஊரையே கூப்பிட்ட குரல் அவருடையது, என் கீச்சுச் சத்தத்தை என்ன நினைப்பார்? அத்தையிடம் சொன்னேன். அத்தை பூண்டு உரித்துக்கொண்டே, "அவனுக்கும் பேச்சு போச்சு, ஒனக்கும் போச்சு. இதுல என்ன வெக்கம்? குடு" என்றார்.

கொடுத்தேன்.

மார்ச் 14, சனி

தேசிங்கு பதிவு அனுப்பியிருக்கிறார். ரெஹானா மூலமாக வந்தது. முதலில் மோட்டார் சத்தம், காக்கா சத்தம். அப்புறம் பாதி காற்றும் பாதி கரகரப்புமாக ஒரு குரல்.

"யக்கா, நான் தேசிங்கு. இந்தக் கொரல வெச்சிக்கினு இன்னாத்த பேசறதுன்னு உட்டுட்டேன். நீ அந்த கீரக்காரன் கதய சொன்ன பாரு, சிரிச்சிட்டேன். சிரிச்சதுல சத்தம் வந்துட்ச்சி. என் பொண்ணு அடுப்பாண்ட இருந்து ஓடியாந்துட்ச்சி."

பிறகு மனுஷன் ஏலம் விட ஆரம்பித்துவிட்டார். இல்லாத வஞ்சிரத்தை, இல்லாத கூட்டத்துக்கு. குரல் ஏறுகிறது, உடைகிறது, இருமுகிறார், விட்ட இடத்திலிருந்து மறுபடி கூவுகிறார். நிறுத்தவே இல்லை. கடைசியில் ஒரு பெண் குழந்தை "நான் எத்துக்குறேன்ப்பா" என்று கத்துகிறது.

அடுக்களையில் நின்றபடியே அழுதேன். மூக்கு ஒழுகி, வாய் கோணி, ஒரு தினுசான சத்தம் வந்தது. அத்தை ஓடிவந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு நிமிஷம் உற்றுக் கேட்டார்.

"இது மேகலா அழுகை இல்லயேட்டி" என்றார்.

இல்லை. இது எனக்கே புதிது. தேசிங்குக்கும் அவர் மகளுக்கும் நான் என்ன கைம்மாறு செய்வேன்?

மார்ச் 16, திங்கள்

காலையில் குளித்துவிட்டு, சிவப்புப் பொத்தானைத் தொட்டேன். இந்தப் பதிவு ஜெசிந்தாவுக்கு. விசும்பல் என்பது வெளியே விடுகிற மூச்சில் இல்லை, உள்ளே இழுக்கிற மூச்சில் இருக்கிறது. பாதி இழுத்ததும் நாக்கின் அடியை ஒரு நொடி மூடு, பிறகு விடு. அந்தப் பெண் அழும்போது இடது பக்கம் உதடு முதலில் துடிக்கும், அதைப் பார்த்துத் தொடங்கு. கோபமாக எண்ணும்போது ஐந்தை விழுங்கிவிடும், அங்கே வசனத்தைச் சுருக்கு. எனக்குத் தெரிந்த அத்தனையும் சொன்னேன். சொல்லிக் காட்டும்போது விசும்பல் எனக்கு வரவில்லை, அதையும் அப்படியே விட்டேன். மேகலாவை நன்றாகப் பார்த்துக்கொள் என்று முடித்தேன்.

பிறகு சகாயம் சாருக்குப் போன் செய்து, தற்காலிகம் என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள் என்றேன். நீ வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போ என்றார்.

மார்ச் 19, வியாழன்

ஏழு மணி. மேகலா வந்தாள். அத்தை வழக்கம்போல ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அணைத்தார். நான் அவர் கையிலிருந்து வாங்கி, சத்தத்தை வைத்தேன்.

அத்தை என்னைப் பார்த்தார். திரையில் மேகலா விசும்பினாள். தடுக்கல் சரியான இடத்தில் விழுந்தது. விளம்பரம் வரும்வரை இருவரும் அசையவில்லை.

"நல்லாத்தான் அழுதா" என்றார் அத்தை. கொஞ்ச நேரம் கழித்து, "ஒன்னயப்போல இல்ல" என்றும் சொல்லிவிட்டு, முந்தானையால் ரிமோட்டைத் துடைத்து வைத்தார். எத்தனை வாரம் கதை புரியாமல் இந்த மனுஷி வெறும் படத்தைப் பார்த்திருக்கிறார்! இப்போது எல்லாவற்றையும் என்னிடம் கேட்கிறார். அந்தக் கொழுந்தன் ஏன் ஜெயிலில் இருக்கிறான் என்று விளக்குவதற்கே அரைமணி நேரம் ஆயிற்று.

மார்ச் 28, சனி

காபி குடிக்கப் போனேன். சகாயம் சார் என் பதிவுகளைக் கேட்க வேண்டும் என்றார். ரெஹானாவைப் பற்றியும் தேசிங்கைப் பற்றியும் போனில் உளறியிருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டார். கன்சோலில் போனை மாட்டிப் பெரிய ஸ்பீக்கரில் போட்டார். பொங்கல், சைக்கிள் மணி, கீரைக்காரர், சட்டைப் பொத்தான். ஸ்டூடியோக் கதை வந்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தால் அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

இதையெல்லாம் ஒழுங்காக மைக்கில் பதிவுசெய்து, ஒலிக்கதைகளாக இணையத்தில் போடலாம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோ சும்மாதான் கிடக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது என்கிறார். நம்பினால் நம்புங்கள், நான் பிகு செய்துகொண்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தம் வரைகூட யோசிக்காமல் சரி என்று செய்தி அனுப்பினேன்.

ஏப்ரல் 11, சனி

நாளை பதிவு. அந்த மைக், அதே கண்ணாடி. இவர் லீவு போட்டிருக்கிறார். இட்லிக்கு ஊறப்போட்டேன். தலைக்குக் குளிக்கலாமா வேண்டாமா என்று குழப்பம், ரேடியோவில் தலைமுடி தெரியாது என்கிறார் அத்தை. மறுபடி அங்கே காற்று மட்டும் வந்தால்? வந்தால் வரட்டும் என்று எழுதத்தான் ஆசை. இன்னும் அந்த அளவுக்குத் தேறவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

எல்லாம் நடந்தபடியே எழுதிவிடுகிறேன், ஒரு சொல்லும் விட்டுப்போகக் கூடாது.

உள்ளே போய் மைக் முன்னால் நின்றேன். எதிரே திரை இருட்டாக இருந்தது. யார் முகமும் இல்லை. ஹெட்போனை மாட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சகாயம் சார், அவர் பக்கத்தில் இவர். இவர் முதல் தடவையாக இந்த அறையைப் பார்க்கிறார், கோயிலுக்கு வந்தவர் மாதிரி செருப்பை வெளியே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். கைப்பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். அடியில் சைக்கிள் மணி இருந்தது. நான் வைக்கவில்லை.

ஸ்டூடியோக் கதையை முதலில் எடுத்தோம். வேண்டுமென்றுதான். மேகலா வாசலில் நின்ற கதை, நான் இதே இடத்தில் நின்ற கதை. சொல்லிக்கொண்டே போனேன். தொண்டை சூடாகி, சரளமாகக்கூட வந்தது. அந்த வசனம் வந்தது. உங்கள நம்பித்தானே நான் வந்தேன். இந்த முறை அதை மேகலா சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து நான் சொன்னேன். 'நம்பித்தானே'யில் குரல் கிழிந்தது. அதே இடம், அதே மாதிரி இரண்டாக. கிழிந்த குரலிலேயே மீதியையும் சொல்லிக் கதையை முடித்தேன்.

ஹெட்போனில் சகாயம் சாரின் குரல் வந்தது. முப்பது வருஷப் பழக்கம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

"அருமை கனி. அந்த ஒரு இடம் மட்டும் பிசிறு தட்டிருச்சு. ஒன் மோர் போயிரலாமா?"

பிப்ரவரியில் இந்த இரண்டு வார்த்தைக்காக நான் எவ்வளவு ஏங்கினேன். என்னால் இன்னும் முடியும் என்று நினைப்பவர் மட்டும்தான் ஒன் மோர் கேட்பார். அவருக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். பிறகு பையிலிருந்து மணியை எடுத்து, மைக்குக்கு நேராகப் பிடித்து, இரண்டு முறை அடித்தேன்.

சகாயம் சார் திடுக்கிட்டு நிமிர்ந்தார். என்ன இது என்று இவரைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே நிற்பவரிடம் பேசுவதற்கான டாக்பேக் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டார், அதனால் இவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"ரைட்டுன்னு சொல்லுதா சார். வண்டிய எடுங்க."